இசாமு நொகுச்சி: கலப்பு, முள்வேலி, காகித விளக்கு

வெள்ளைக் காகிதத்தில் செய்த உருண்டை விளக்கை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கொஞ்சம் 'ரசனை' உள்ளவர்கள் வீட்டு முன்னறையில், காப்பிக் கடைகளில், சினிமாவில் வருகிற பணக்கார வீட்டு செட்டில் தொங்கும். மூங்கில் ஈர்க்கு வளையம் வளையமாய் ஓட, உள்ளே ஒரு பல்பு. நாம் பார்த்தது அநேகமாக நகலின் நகலாகத்தான் இருக்கும். அசலைச் செய்தவர் இசாமு நொகுச்சி (1904-1988). சிற்பி, மேசையும் விளக்கும் வடிவமைத்தவர், நாட்டிய மேடைகள் அமைத்தவர், தோட்டங்கள் போட்டவர். இவரைப் பற்றிய கண்காட்சிக் கையேடுகளின் முதல் பத்தியில் அநேகமாக ஒரே வாக்கியம்தான் காத்திருக்கும்: ஜப்பானியத் தந்தைக்கும் அமெரிக்கத் தாய்க்கும் பிறந்து இரு பண்பாடுகளுக்கிடையில் வளர்ந்ததால், கிழக்கையும் மேற்கையும் தன் கலையில் இணைத்தார்.

இந்த வாக்கியம் பொய்யில்லை. ஆனால் அந்த 'வளர்ந்ததால்' இருக்கிறதே, அதன் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கிற 'ஆல்', அதைக் கொஞ்சம் நிறுத்திவைத்து விசாரிக்க வேண்டியிருக்கிறது. இரண்டு பண்பாட்டைக் குழந்தைக்கு ஊட்டிவிட்டால் பெரியவனானதும் இரண்டையும் கலந்து பரிமாறுவான் என்பது சமையல் குறிப்பு, வரலாறாகாது. 'பன்மைப் பண்பாடு' என்ற சொல் இன்று கம்பெனி விளம்பரம் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. இந்த நிலையில், அந்தப் பன்மைக்குள் யார் யாரை உள்ளே விட்டார்கள், யார் வாசலில் நின்றார்கள், கதவு யார் கையில் இருந்தது என்று கேட்பது அவசியமாகிறது. நொகுச்சியின் வாழ்க்கை இதற்கு வசதியான பதில் எதையும் தருவதில்லை. அதனால்தான் பேசுகிறோம்.

*

முதலில் அப்பா. யோனே நொகுச்சி ஆங்கிலத்தில் கவிதை எழுதிய ஜப்பானியர். 1893இல் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கப்பலேறியவர். பிறகு நியூயார்க் வந்தபோது அவருடைய ஆங்கிலத்தைத் திருத்திச் செப்பனிட ஓர் ஆள் தேவைப்பட்டது. விளம்பரம் கொடுத்தார். வந்து சேர்ந்தவர் லியோனி கில்மோர். நிறையப் படித்தவர், எழுத ஆசைப்பட்டவர், வயிற்றுப்பாட்டுக்கு ஆசிரியை வேலை பார்த்தவர். 1902இல் யோனேயின் 'ஒரு ஜப்பானியப் பெண்ணின் அமெரிக்க நாட்குறிப்பு' வெளிவந்தது. ஜப்பானிய ஆண் ஒருவர் ஜப்பானியப் பெண்ணாகப் பாவித்து ஆங்கிலத்தில் எழுத, அமெரிக்கப் பெண் ஒருவர் அதைத் திருத்திக்கொடுத்த புத்தகம் அது. அட்டையில் இருந்ததோ கற்பனையான ஒரு ஜப்பானியப் பெண்ணின் பெயர். 'கிழக்கின் குரல்' என்று மேலைநாட்டு வாசகர்கள் கொண்டாடியது இப்படி உற்பத்தியானதுதான். ரோலான் பார்த்தை இங்கே கூப்பிட வேண்டியதில்லை. ஆசிரியன் செத்தானோ இல்லையோ, திருத்தியவள் பெயர் அட்டையில் இல்லை என்பதே நமக்குப் போதும்.

ஆக, பிள்ளை பிறப்பதற்கு முன்பே அந்த வீட்டில் கலப்பு நடந்தாயிற்று. அதில் உழைப்பு ஒருவருக்கு, பெயர் ஒருவருக்கு என்றும் பிரிந்தாயிற்று.

1904 நவம்பர் 17இல் லாஸ் ஏஞ்சலிஸில் குழந்தை பிறந்தபோது யோனே ஜப்பானுக்குத் திரும்பிப் போய்விட்டிருந்தார். 1907இல் இரண்டு வயசுப் பையனைத் தூக்கிக்கொண்டு லியோனி ஜப்பானுக்குப் போகிறார். அங்கே போன பிறகுதான் பையனுக்கு 'இசாமு' என்ற பெயர் கிடைக்கிறது. தைரியம் என்று அர்த்தம். அப்பாவுக்கு அங்கே வேறொரு குடும்பம். அம்மாவுக்குக் கிடைத்தது ஆங்கிலப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலை. யோகஹாமாவிலும் சிகாசாகி என்ற கடற்கரை ஊரிலுமாகப் பிழைப்பு. கையேடுகள் 'பன்மைப் பண்பாட்டுச் சூழல்' என்று சொல்லிப் போவதைத் தரையில் வைத்துப் பார்த்தால், தனியாளாக நின்ற ஒரு பெண்ணின் டியூஷன் வருமானம் தெரியும். இவனைப் போன்ற பிள்ளைகளுக்கு அன்றைய ஜப்பானில் 'ஐனோகோ' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. கலப்பில் பிறந்தவன் என்று பொருள், வசவாகத்தான் வரும்.

சிகாசாகியில் லியோனி சின்னதாக ஒரு வீடு கட்டினார். பையனுக்கு அப்போது எட்டு, ஒன்பது வயதிருக்கும். வேலை நடப்பதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவனிடம் கொடுத்து, ஒரு தச்சரிடம் தொழில் கற்கவும் விட்டார். ஜப்பானிய ரம்பமும் இழைப்புளியும் தன் பக்கம் இழுத்து வேலை செய்கிற கருவிகள். மேலைநாட்டுக் கருவிகள் தள்ளி வேலை செய்பவை. இதைப் பண்பாட்டு வேறுபாடு என்று நீட்டி ஒரு தத்துவக் கட்டுரை எழுதிவிட முடியும். எழுதியும் இருப்பார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அப்பாவின் மொழியும் முழுசாக வாய்க்கவில்லை, அம்மாவின் ஊரையோ பார்த்ததில்லை. அப்படிப்பட்ட பையனுக்கு, 'நீ யார்' என்று கேட்காத ஓர் இடமாகத் தச்சுப்பட்டறை அமைந்தது. மரம் எதிர்ப்புக் காட்டும், ஆனால் பிறப்புச் சான்றிதழ் கேட்காது. இதை ஏற்பாடு செய்தவள் அம்மா. அப்பாவின் கவித்துவம் மகனிடம் இறங்கியது என்று எழுதுகிறவர்கள் இந்தத் தச்சரையும் அம்மாவையும் ஒரு வரியில் தாண்டிப் போகிறார்கள்.

1918இல், பதின்மூன்று வயசில், பையன் தனியாகக் கப்பலேற்றப்பட்டு அமெரிக்கா போகிறான். கலப்பினப் பிள்ளைக்கு ஜப்பானில் எதிர்காலமில்லை என்று அம்மா முடிவு செய்திருந்தார். இண்டியானா மாநிலத்தில், கைத்தொழிலையும் படிப்பையும் சேர்த்துக் கற்பிக்கிற ஒரு பள்ளி. போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே பள்ளி மூடப்பட்டு ராணுவ லாரிப் பயிற்சி முகாமாகிவிட்டது. பையன் அங்கேயே காவல்காரர்களோடு தங்கி நின்றான். பிறகு பள்ளியின் நிறுவனர் ஒரு போதகர் வீட்டில் இடம் பிடித்துக் கொடுத்தார். உள்ளூர் உயர்நிலைப் பள்ளியில் 1922இல் படிப்பு முடித்தபோது பெயர் சாம் கில்மோர். அதாவது பதினெட்டு வயசுக்குள் ஜப்பானில் அந்நியன், இண்டியானாவில் சாம். இருபது வயதை ஒட்டி, நியூயார்க்கில் சிற்பியாவது என்று முடிவெடுத்தபோதுதான் அப்பாவின் பெயரைத் தானே எடுத்துச் சூட்டிக்கொள்கிறார். அப்பா கொடுத்ததில்லை, கேட்டு வாங்கியதுமில்லை.

*

இங்கே அவரையும் சும்மா விட்டுவிட முடியாது. 1927இல் குக்கன்ஹைம் நல்கைக்கு விண்ணப்பம் எழுதுகிறார். அதில் என்ன சொல்கிறார்? அப்பா கவிதை வழியாகக் கிழக்கை மேற்குக்கு விளக்கினார், நான் அதைச் சிற்பம் வழியாகச் செய்ய விரும்புகிறேன் என்கிறார். நல்கை கிடைத்தது. ஆக, 'கிழக்கு-மேற்குப் பாலம்' என்ற கதையை விமர்சகர்கள் மட்டும் கட்டவில்லை. காசு வேண்டியிருந்த இருபத்திரண்டு வயசு இளைஞரே விண்ணப்பப் படிவத்தில் அதை எழுதிக் கொடுத்தார். விளிம்பில் நிற்கிறவனிடம் மையம் எதைக் கேட்டு வாங்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது. நம்மூர் ஆட்களும் வெளிநாட்டு நிதிக்கு எழுதுகிற விண்ணப்பங்களை ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

பாரிஸ் போனார். பிரான்குசியின் பட்டறையில் சில மாதம் உதவியாள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. சுண்ணாம்புக் கல்லை எப்படிச் சதுரமாக அறுப்பது, எப்படிப் பரப்பைச் சமன்படுத்துவது என்று ருமேனியர் கையால் காட்ட, இவர் செய்தார். மறுபடியும் அதே தச்சுப்பட்டறைச் சூழல்தான்.

பிறகு கிழக்கே போக முடிவெடுத்தபோது அப்பாவிடமிருந்து கடிதம் வருகிறது: நொகுச்சி என்ற பெயரோடு ஜப்பானுக்கு வராதே. 1930இல் ஜப்பானுக்குப் போகாமல் பீக்கிங்கில் இறங்கி, சில மாதம் அங்கே தங்கி, சி பாய்ஷி என்ற மூத்த ஓவியரிடம் தூரிகை பிடிக்கக் கற்றார். அதற்கப்புறம்தான் ஜப்பான். அப்பா விலகியே நிற்க, பெரியப்பா ஒருவர் வீட்டில் இடம் கொடுத்தார். கியோட்டோவில் ஒரு குயவரின் சூளையில் மண் வேலை, அருங்காட்சியகத்தில் 'ஹனிவா' என்ற பழைய சுடுமண் உருவங்கள், கோயில் தோட்டங்கள். பிற்காலத்தில் 'ஜப்பானிய மரபு ரத்தத்திலேயே இருந்தது' என்று எழுதப்பட்டதெல்லாம் இப்படி இருபத்தாறு வயசில், வராதே என்று சொல்லப்பட்ட நாட்டில், வெளியாளாக நின்று பாடமாகப் படித்ததுதான்.

அப்பாவுக்குத் திரும்ப வருவோம், ஏனென்றால் வாதத்தின் கணு இங்கேதான் இருக்கிறது. யோனே இரண்டு மொழி அறிந்தவர், மூன்று கண்டம் பார்த்தவர். 1935-36இல் இந்தியாவில் சொற்பொழிவுப் பயணம் செய்தவர், தாகூரின் நண்பர். 1938இல் ஜப்பான் சீனாவுக்குள் ரத்தம் சிந்திக்கொண்டிருந்தபோது அதை நியாயப்படுத்தித் தாகூருக்குக் கடிதம் எழுதினார். ஆசியாவைக் காப்பாற்றவே இந்தப் போர் என்ற பாட்டு. தாகூர் மறுத்து எழுதிய பதில்கள் பிரசித்தம். ஆக, இரண்டு பண்பாடு தெரிந்த மனிதர் தானாகவே நல்லவராகிவிடுவார் என்பதை அந்த வீட்டுக்குள்ளேயே அப்பா பொய்யாக்கிவிட்டார். பன்மையை அறிந்திருப்பது ஒரு திறமை. திறமையை எந்தப் பக்கத்துக்கும் வாடகைக்கு விடலாம்.

மகன் அதே வருஷங்களில் வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தார். டெக்சாஸில் 1930இல் கறுப்பர் ஒருவரைக் கும்பல் கொன்று எரித்ததன் புகைப்படத்தைப் பார்த்து 1934இல் உலோகத்தில் ஓர் உருவம் செய்தார். கயிற்றில் தொங்கி முறுக்கிக்கொள்ளும் உடல். நியூயார்க் விமர்சகர் ஒருவர் இதை ஒரு ஜப்பானியனின் தவறாகப் பார்த்து ஏளனம் செய்தார். கவனியுங்கள்: கிழக்கை விளக்கும்வரை இவர் 'பாலம்'. அமெரிக்காவின் கொலையை அமெரிக்காவுக்கே காட்டினால் அந்த நிமிஷமே 'ஜப்பானியன்'. 1936இல் மெக்சிகோவில் ஒரு சந்தைக் கட்டடத்தில் தொழிலாளர் வரலாற்றைப் பெரிய சுவர்ச் சிற்பமாகச் செய்தார். 1937இல் ஜெனித் கம்பெனிக்காக, தொட்டில் குழந்தை அழுதால் வேறு அறையில் கேட்கிற 'ரேடியோ நர்ஸ்' என்ற பேக்லைட் பெட்டி. வயிற்றுக்காகத் தலைகள் செதுக்கினார். தொழில் என்று பார்த்தால் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

*

1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது. 1942 பிப்ரவரி 19இல் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட 9066ஆம் எண் ஆணையின் பேரில், மேற்குக் கரையிலிருந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் வீடு வாசலை விட்டுப் பெயர்க்கப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். ஆணை மேற்குக் கரைக்குத்தான். நொகுச்சி நியூயார்க்வாசி. சட்டப்படி அவரை யாரும் தொட முடியாது.

அவர் தானாகப் போனார். முதலில் எழுத்தாளர்களையும் கலைஞர்களையும் சேர்த்து ஓர் அமைப்பைத் தொடங்கி, இடப்பெயர்ப்பை எதிர்த்து வாதாடினார். அது எடுபடவில்லை. செவ்விந்தியர் விவகாரத் துறை ஆணையர் ஜான் கோலியரைச் சந்தித்தார். கோலியருக்கு ஒரு கனவு: முகாமையே முன்மாதிரிக் கூட்டுறவுச் சமூகமாக ஆக்கலாம் என்று. 1942 மே மாதம் அரிசோனா பாலைவனத்தில் போஸ்டன் முகாமுக்கு (கிழக்கே இருக்கிற பாஸ்டன் நகரம் இல்லை, இது வேறு) நொகுச்சி வந்து சேர்ந்தார். அந்த நிலம் கொலராடோ ஆற்றங்கரைப் பூர்வகுடிகளின் ஒதுக்கீட்டு நிலம். அவர்களுடைய பழங்குடி அவை வேண்டாமென்று சொல்லியும் அரசாங்கம் அங்கே முகாம் கட்டியது. ஏற்கெனவே அடைக்கப்பட்டவர்களின் நிலத்தில் புதிதாகச் சிலரை அடைக்கிறார்கள். இதைத் திட்டம் போட்டுக் கொடுத்த அதிகாரிகள் கொடூரர்களாக இருக்கவில்லை, நல்லெண்ணம் கொண்டவர்களாகவும் இருந்தார்கள் என்பதுதான் நம்மை உறுத்த வேண்டியது.

17,000 பேருக்கு மேல் இருந்த முகாம். தார்க்காகிதம் போர்த்திய மரக்கொட்டகைகள், புழுதி, நூறு டிகிரியைத் தாண்டிய வெயில். மூன்று பிரிவுகளாயிருந்த முகாமுக்கு உள்ளே இருந்தவர்கள் 'வேகிறது, வறுபடுகிறது, புழுதி பறக்கிறது' என்கிற அர்த்தத்தில் எதுகை மோனையோடு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். நொகுச்சி பூங்காக்கள், நீச்சல் குளங்கள், பந்து விளையாட்டுத் திடல்கள், ஒரு கல்லறைத் தோட்டம் என்று வரைபடம் போட்டார். மர வேலை, மண் வேலை கற்றுத்தர முயன்றார். பொருட்கள் வரவில்லை. ஒன்றுமே கட்டப்படவில்லை. கோலியரின் கனவும் முகாம் நிர்வாகமும் ஒன்றல்ல என்று தெரிய ரொம்ப நாள் ஆகவில்லை.

இன்னொன்றும் தெரிந்தது. உள்ளே இருந்தவர்களுக்கு இவர் யார்? பாதி வெள்ளைக்காரர், நியூயார்க் கலைஞர், முப்பத்தேழு வயசுக்காரர். எல்லாவற்றுக்கும் மேலே, தானாக வந்தவர். பிடித்து அடைக்கப்பட்டவன், விருப்பப்பட்டு உள்ளே வந்தவனைச் சந்தேகப்படாமல் என்ன செய்வான்? நிர்வாகத்தின் ஆள் என்று பேசிக்கொண்டார்கள். நிர்வாகமோ இவரை மற்றக் கைதிகளைப் போலவே நடத்தியது. 'நான் நிசெய் ஆகிறேன்' என்று தலைப்பிட்டு முகாமிலிருந்து ஒரு கட்டுரை எழுதினார். நிசெய் என்றால் இரண்டாம் தலைமுறை, அங்கேயே பிறந்தவர்கள். அந்தக் கட்டுரை அப்போது அச்சாகவில்லை. தலைப்பின் வினைச்சொல்தான் முக்கியம். 'நான் நிசெய்' என்று அவர் எழுதவில்லை, 'ஆகிறேன்' என்கிறார். அடையாளம் என்பது பிறவியிலேயே உள்ளே கிடக்கிற சரக்கு என்று நம்புகிறவர்களும், அது வெறும் சொல்லாடலின் விளைவு என்று லேசாகப் பேசிவிடுகிறவர்களும், இரண்டு தரப்புமே இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அரசாங்கம் ஒரு கோடு போட்டது. கோட்டுக்கு வெளியே நிற்க உரிமை இருந்தவர் உள்ளே போய் நின்றுகொண்டு, இனி இதுவும் நான்தான் என்கிறார். உள்ளே இருந்தவர்கள் அதை ஏற்கவில்லை. இந்த ஏற்காமையையும் சேர்த்துத்தான் அவருடைய அடையாளத்தைக் கணக்கிட வேண்டும்.

வெளியே வர விண்ணப்பித்தார். தானாக நுழைந்தவருக்கு தானாக வெளியேறும் உரிமை இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நவம்பரில் தற்காலிக விடுப்பு கிடைத்தது, திரும்பிப் போகவேயில்லை. அப்புறமும் எஃப்பிஐ விசாரணை, நாடுகடத்தும் பேச்சு என்று இழுபறி. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அவருக்கு வெளியே நண்பர்கள் இருந்தார்கள், திரும்பிப் போக ஒரு பட்டறை இருந்தது. அவர் ஏழாவது மாதம் தொடங்கும்போது வெளியேறினார். மற்றவர்களில் பெரும்பாலோர் வருஷக்கணக்கில் இருந்தார்கள். தியாகிப் படம் மாட்டத் தேவையில்லை.

முகாமில் இருந்தபோது இன்னொரு சின்னச் சம்பவம். முன்பு ஒரு வடிவமைப்பாளர் கேட்டதற்காக மேசை மாதிரி ஒன்றைச் செய்து கொடுத்திருந்தார் நொகுச்சி. அதன் சாயலில் ஒரு மேசை அந்த ஆளின் பெயரில் விளம்பரமாக வந்ததை முகாமுக்குள் உட்கார்ந்து பார்க்க நேர்ந்தது. வெளியே வந்து கேட்டதற்கு, மூணு கால் மேசையை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்ற தோரணையில் பதில். பழிவாங்கவே இன்னொன்று செய்தேன் என்று பிற்பாடு சுயசரிதையில் எழுதுகிறார். ஒன்றையொன்று தாங்கி நிற்கிற இரண்டு வளைந்த மரத்துண்டுகள், மேலே கனமான கண்ணாடி. ஹெர்மன் மில்லர் கம்பெனி 1947இல் விற்கத் தொடங்கிய இந்த மேசை இன்றைக்கும் 'கிழக்கின் எளிமை' என்று விலை போகிறது. அதில் கிழக்கு எவ்வளவு, கோபம் எவ்வளவு என்று யார் அளந்து சொல்வது?

*

போருக்குப் பிறகு, 1949இல் ஒரு நல்கையில் ஐரோப்பா, இந்தியா என்று சுற்றுகிறார். நம்மூர் ஜந்தர் மந்தரின் படிக்கட்டுகளும் வளைவுகளும் அவரைப் பிடித்துக்கொண்டன. விரிவாகப் புகைப்படம் எடுத்தார். 1950இல் ஜப்பான் வந்தபோது, வராதே என்று சொன்ன நாடு கைதட்டி வரவேற்றது. அப்பா 1947இல் இறந்துவிட்டிருந்தார். தோற்ற நாட்டுக்கு, உலகப் புகழ் பெற்ற 'நம்ம ஆள்' ஒருவர் தேவைப்பட்டார். அப்பா பணியாற்றிய கேயோ பல்கலைக்கழகத்தில் அவர் நினைவாக ஓர் அறையை மகனே வடிவமைத்தார்.

கட்டடக் கலைஞர் கென்சோ டாங்கே ஹிரோஷிமாவுக்கு அழைத்தார். அமைதிப் பூங்காவுக்குப் போகும் வழியில் இரண்டு பாலங்களுக்குக் கைப்பிடிச் சுவர் செய்யும் வேலை. ஒன்றுக்கு 'வாழ்தல்', மற்றதற்கு 'சாதல்' என்று பெயர் வைத்தார், பிறகு 'கட்டுதல்', 'போதல்' என்று மாறின. 1927இல் விண்ணப்பத்தில் எழுதிய பாலம் கடைசியில் இப்படிக் கைப்பிடிச் சுவராக வாய்த்தது. ஜனங்கள் இன்றும் அதைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்கள். அடுத்து, இறந்தவர்களுக்கான நினைவுச் சின்னத்தையும் டாங்கே இவரிடமே கேட்டார். தரைக்கு மேலே கறுத்த கல்லில் தடித்த வளைவு, அதன் கால்கள் பூமிக்குள் இறங்க, கீழே ஓர் அறையில் இறந்தவர்களின் பெயர்கள் என்று வடிவம் போட்டுக் கொடுத்தார். பொறுப்பாளர்கள் நிராகரித்தார்கள். குண்டு போட்ட நாட்டுக்காரர் என்பது காரணம். 1952 ஆகஸ்ட் 6இல் திறக்கப்பட்டது டாங்கேயே அவசரமாக வடிவமைத்த வேறு வளைவு.

இதை அநியாயம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட எனக்குத் துணிச்சலில்லை. தன் ஊரே எரிந்து சாம்பலானவர்கள், சாம்பலின் மேல் நிற்கப்போகிற கல்லை அமெரிக்கர் ஒருவர் செதுக்கக்கூடாது என்று நினைத்திருந்தால், அந்த உணர்வை வெறும் தேசிய வெறி என்று தள்ளிவிட முடியுமா? ஆனால் பத்து வருஷம் முன்னால் ஜப்பானியன் என்று முள்வேலிக்குள் இருந்த அதே உடம்புதான் இப்போது அமெரிக்கன் என்று வெளியே நிறுத்தப்படுகிறது. இரண்டு கோரிக்கைகளும் உண்மையானவை, இரண்டும் ஒருவர் மேல் வந்து விழுகின்றன. 'இரு பண்பாடுகளின் சங்கமம்' என்கிற வாக்கியத்தில் இதற்கு இடமே இல்லை.

அந்த நாட்களில் அவர் மணந்துகொண்டது நடிகை யமாகுச்சி யோஷிகோவை. மஞ்சூரியாவில் பிறந்த ஜப்பானியப் பெண். லி சியாங்லான் என்ற சீனப் பெயரில், சீனப் பெண்ணாகவே பிரச்சாரப் படங்களில் நடித்தவர். போர் முடிந்ததும் ஷாங்காயில் சீனத் துரோகி என்று விசாரிக்கப்பட்டு, சீனரே இல்லை, ஜப்பானியர்தான் என்று பதிவேட்டைக் காட்டி உயிர் தப்பியவர். கலப்பு அங்கே உயிராபத்து, காகிதம்தான் காப்பாற்றியது. சில வருஷத்தில் இருவரும் பிரிந்தார்கள்.

*

விளக்கு பிறந்ததும் 1951இல், ஹிரோஷிமா போகிற வழியில். கிஃபு என்ற ஊரில் இறங்கினார். நகாரா ஆற்றில் இரவில் தீப்பந்த வெளிச்சத்தில் நீர்க்காகங்களை விட்டு மீன் பிடிப்பதைப் பார்த்தார். அந்த ஊர் காகித விளக்குக்குப் பேர்போனது. போருக்குப் பின் தொழில் நொடித்துக் கிடந்தது. ஏதாவது செய்து கொடுங்கள் என்று நகர மேயர் கேட்டார். விளக்குச் செய்யும் முறை இது: துண்டு துண்டாகக் கழற்றக்கூடிய மர அச்சைப் பூட்டி நிறுத்தி, அதன்மேல் மெல்லிய மூங்கில் ஈர்க்கைச் சுருளாகச் சுற்றுவார்கள். மல்பெரி இன மரப்பட்டையில் செய்த காகிதத்தைப் பசை தடவி ஒட்டுவார்கள். காய்ந்ததும் அச்சை உள்ளிருந்தே ஒவ்வொரு துண்டாகக் கழற்றி எடுத்துவிட்டால் காகிதமும் மூங்கிலும் மட்டும் நிற்கும், மடக்கினால் தட்டையாகிவிடும். நொகுச்சி இதில் தொட்டது கொஞ்சம்தான். மேலும் கீழுமிருந்த மரப்பட்டியை எடுத்துவிட்டார், உள்ளே விரித்து நிறுத்த ஒரு கம்பிச் சட்டம் வைத்தார், மெழுகுவர்த்திக்குப் பதில் பல்பு, வடிவம் கோணல்மாணலாக எப்படி வேண்டுமானாலும். பெயர் 'அகாரி': வெளிச்சம். ஆங்கிலத்தில் வெளிச்சத்துக்கும் எடையின்மைக்கும் ஒரே சொல் என்பதால் அந்த இரண்டாவது அர்த்தமும் அவருக்குப் பிடித்திருந்தது. சாகிற வரைக்கும் நூற்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் செய்தார். ஒவ்வொன்றும் மலிவாக நகலெடுக்கப்பட, அவர் அடுத்ததைச் செய்துகொண்டே போனார்.

'அகாரி'யை மரபின் புத்தாக்கம் என்பார்கள். நான் பார்க்கிறது வேறு. மடக்கினால் தட்டை, விரித்தால் அறைக்கே நிலா. தூக்கிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போய்விடலாம். எந்தத் தரையிலும் வைக்கலாம், எந்தத் தரைக்கும் சொந்தமாக வேண்டியதில்லை. இரண்டு வாரத்தில் பெட்டி படுக்கையோடு கிளம்பு என்று உத்தரவு வந்தால் எடுத்துப்போகிற மாதிரியான பொருள் இது. அவர் அப்படி நினைத்துத்தான் செய்தாரா என்று கேட்காதீர்கள். போஸ்டனைப் பார்த்த ஆள் கல்லில் இருந்து காகிதத்துக்கு வந்தார் என்பதை நான் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன், அவ்வளவுதான்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கிஃபுவில் ஈர்க்கு சுற்றிய கை, பசை தடவிய கை யாருடையது? பல தலைமுறைக் கைவினைஞர்களின் வேலை, ஒருவர் பெயரில் கலையாகிறது. யோனேயின் புத்தகத்தைத் திருத்திய லியோனியின் பெயர் அட்டையில் இல்லாதது போலத்தான் இதுவும். அப்பா செய்ததையே பிள்ளை செய்தாரா? முழுக்க அப்படியில்லை. இதனால் தொழில் பிழைத்தது, கிஃபுவில் அதே முறையில் அந்தப் பட்டறை இன்றும் நடக்கிறது. ஆனாலும் கேள்வி அப்படியேதான் கிடக்கிறது. கைவினைஞர்களைப் பற்றி 'கூட்டு முயற்சி' என்று அடக்கமாக எழுதும் நம்மூர் டிசைனர்களும் அதற்குப் பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

நியூயார்க் கலை உலகத்துக்கோ வேறு மாதிரி எரிச்சல். விளக்கு விற்கிறவன் எப்படி சிற்பியாவான்? 1986 வெனிஸ் இருபதாண்டு... இல்லை, ஈராண்டுக் கண்காட்சியில் அமெரிக்காவின் சார்பில் அவரை அனுப்பியபோது, சலவைக்கல்லில் குழந்தைகள் சறுக்கி விளையாட ஒரு சுழல் சறுக்குமரமும் காகித விளக்குகளும் கொண்டுபோய் வைத்து, 'சிற்பம் என்றால் என்ன?' என்று தலைப்புக் கொடுத்தார். எண்பத்தொரு வயசில்.

சறுக்குமரம் திடீரென்று வந்ததில்லை. 1933லேயே 'விளையாட்டு மலை' என்று ஒன்றை யோசித்தார். நகரத்தின் நடுவே ஒரு மனையை முழுக்கச் சரிவும் படியுமாக்கி, ஊஞ்சல், கம்பி எதுவுமில்லாமல் தரையே விளையாட்டாகிற இடம். நியூயார்க்கின் பூங்காக்களை ஆண்ட ராபர்ட் மோசஸ் சிரித்து அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகும் அந்த நகரத்தில் போட்ட விளையாட்டுத் திடல் திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாய்த் தள்ளுபடியாயின. கடைசியில் ஜப்பானின் வடகோடியில், சப்போரோவில், குப்பை கொட்டிய நிலத்தில் மொயெரெனுமா பூங்காவுக்கு 1988இல் திட்டம் போட்டுக் கொடுத்துவிட்டு அந்த டிசம்பர் 30இல் இறந்துபோனார். பூங்கா முழுதாகத் திறந்தது 2005இல். அதில் விளையாட்டு மலை இருக்கிறது. 1988 ஆகஸ்டில்தான் முகாம்களுக்காக அமெரிக்க அரசு சட்டம் போட்டு மன்னிப்புக் கேட்டது, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் ஈடு.

அவர் வேலைகளுக்கென்று 1985இல் அவரே நியூயார்க்கில் ஓர் அருங்காட்சியகம் திறந்தார். அதன் பெயரில் வருஷாவருஷம் ஒரு விருதும் இருக்கிறது. 2024க்கான விருதுக்கு இரண்டு பேர் தேர்வானார்கள்: கொரியாவில் பிறந்து ஜப்பானில் வேலை செய்த ஓவியர் லீ உஃபான், வங்காளப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்து இத்தாலிய மொழியிலும் எழுதுகிற ஜும்பா லாஹிரி. எல்லாம் பொருத்தம்தான், கையேட்டின் முதல் பத்திக்கு இதைவிட யார் வேண்டும்? அந்த ஆகஸ்டில் அருங்காட்சியகம் ஊழியர்களுக்கு ஒரு விதி போட்டது: அரசியல் கருத்தைச் சொல்லும் உடை, சின்னம் எதுவும் அணிந்து வேலைக்கு வரக்கூடாது. பாலஸ்தீனக் கட்டம் போட்ட துண்டைக் கழுத்தில் சுற்றி வந்த மூன்று ஊழியர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். செப்டம்பரில் லாஹிரி, விருது வேண்டாமென்று சொல்லிவிட்டார்.